துடுப்பும் குரோமும்: பழைய அமெரிக்கக் கார்கள் பற்றி வாசகர் கேள்விகள்

1950-களின் அமெரிக்கக் கார்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த முறை பக்கம் முழுவதையும் ஒதுக்கியிருக்கிறோம். அழகைப் பற்றிக் கேட்டவர்களும் உண்டு, ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டவர்களும் உண்டு. இந்தக் கார்களில் இரண்டையும் பிரிக்க முடியாது என்பதால் கலந்தே பதில் சொல்கிறோம்.

*

1955, 56, 57 செவ்ரோலே மூன்றும் படத்தில் ஒரே காராகத்தான் தெரிகின்றன. பார்த்ததும் ஆண்டைச் சொல்ல அடையாளம் உண்டா?
— ம.செ., திருநெல்வேலி

முகத்தைப் பாருங்கள். 55-இல் கிரில் சின்னது, செவ்வகம், உள்ளே சிறுசிறு கட்டங்கள். ஃபெராரியைப் பார்த்து வந்த யோசனை அது. 56-இல் கிரில் முகம் முழுக்க அகன்றுவிட்டது. 57-இல் கிரிலும் பம்பரும் ஒன்றுக்குள் ஒன்றாகி, பம்பரின் இரு பக்கமும் குண்டு போன்ற இரண்டு முனைகள் முன்னே நீட்டிக்கொண்டிருக்கும். பானெட்டின் மேல் நடுவில் ஒற்றைச் சின்னத்துக்குப் பதில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு.

பின்னால் போனால் இன்னும் சுலபம். 57-இல் மட்டும்தான் மட்கார்டின் முனை கூர்மையான துடுப்பாக எழும்பி நிற்கும். பெட்ரோல் ஊற்றும் வாயைத் தேடுவதும் நல்ல சோதனை. 56-இல் இடது வால்விளக்கையே திறந்தால் உள்ளே இருக்கும். 57-இல் இடது துடுப்பின் பின்விளிம்பில் ஓடும் குரோம் பட்டைக்குள் மறைந்திருக்கும். தெரியாதவர் பங்க்கில் நின்று அரைமணி நேரம் தேடலாம்.

சக்கரம் 55, 56 இரண்டிலும் 15 அங்குலம். 57-இல் 14 அங்குலம் ஆக்கி வண்டியைத் தாழ்த்தினார்கள். மூன்றிலும் சக்கர இடைவெளி அதே 115 அங்குலம்தான், ஆனால் மொத்த நீளம் 195.6-லிருந்து 197.5, பிறகு சரியாக 200 அங்குலம் என்று ஏறியது. 57-க்குப் புது உடலே வரவேண்டியது. வேலை முடியாமல் தள்ளிப்போனதால், அதே கூட்டின் மேல் தகட்டையும் குரோமையும் மாற்றி மூன்றாம் ஆண்டை ஓட்டினார்கள். அந்த ஒட்டுவேலைதான் இன்று எல்லாரும் சுவரில் மாட்டும் கார்.

எட்டு சிலிண்டரா, ஆறு சிலிண்டரா என்று தெரிய 57-இன் பானெட்டிலும் டிக்கியிலும் செவ்ரோலே என்ற எழுத்துக்குக் கீழே பாருங்கள். அகன்ற 'வி' சின்னம் இருந்தால் எட்டு. பெல் ஏர் மாடலில் அது பொன்னிறமாக இருக்கும், மற்றவற்றில் வெள்ளி. சின்னத்தைப் பின்னால் வாங்கி ஒட்டியவர்களும் இருக்கிறார்கள். அதைக் கண்டுபிடிக்கும் வழி அடுத்த பதிலில்.

*

நியூ ஜெர்சியில் வேலை பார்க்கிறேன். இங்கேயே ஒரு 57 பெல் ஏர் இரண்டு கதவு ஹார்ட்டாப் வாங்க நினைக்கிறேன். என்னென்ன பார்க்க வேண்டும்?
— ஆர்.வி., நியூ ஜெர்சி

என்ஜினை ஓடவிட்டுக் காட்டுவார்கள். அதில் மயங்க வேண்டாம். செவ்ரோலே எட்டு சிலிண்டர் என்ஜினுக்கு இன்றும் எல்லா உதிரியும் கிடைக்கும். பணம் போவது தகட்டிலும் அலங்காரப் பட்டையிலும்தான். பார்வையையும் அங்கிருந்தே தொடங்குங்கள்.

முதலில் காகிதம். ஓட்டுநர் கதவின் கீல் தூணில் வண்டி எண் தகடு இருக்கும். எட்டு சிலிண்டர் பெல் ஏர் என்றால் 'விசி57' என்று தொடங்க வேண்டும். முதல் எழுத்து 'வி' இல்லாமல் 'சி57' என்றே தொடங்கினால் அது ஆறு சிலிண்டராகப் பிறந்த வண்டி. 'விபி57' என்றால் டூ-டென் மாடல், பெல் ஏர் அல்ல. அடுத்த எழுத்து தொழிற்சாலை: எஃப் என்றால் ஃப்ளின்ட், டி என்றால் டாரிடவுன். இந்த எண்ணும் உரிமைப் பத்திரத்தில் உள்ள எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஒன்றில் தப்பு இருந்தாலும் நடையைக் கட்டுங்கள்.

பிறகு என்ஜின் அறையின் பின்சுவரில் இன்னொரு சின்னத் தகடு. அதில் உடல் வகை எண் இருக்கும். பெல் ஏர் இரண்டு கதவு ஹார்ட்டாப்புக்கு, அதாவது நடுத்தூண் இல்லாத நிலையான கூரை வண்டிக்கு, 57-1037டி, கூரை மடங்கும் கன்வர்ட்டிபிளுக்கு 57-1067டி, நாலு கதவு செடானுக்கு 57-1019டி. திறந்த கார் ஒன்றில் 1037 என்ற தகடு இருந்தால் யாரோ கூரையை வெட்டியிருக்கிறார்கள். கன்வர்ட்டிபிளின் சட்டத்தில் நடுவே குறுக்குப் பின்னல் உண்டு, ஹார்ட்டாப்பில் கிடையாது. வெட்டிய வண்டி அது இல்லாமல் நடுவில் தொய்ந்து கதவு மேல்விளிம்பில் இறுகும்.

என்ஜின் வார்ப்பு எண் கியர்பாக்ஸ் சேரும் பின்பக்க விளிம்பில், ஓட்டுநர் பக்கம் இருக்கும். 1957-இன் 283 கன அங்குல என்ஜினுக்கு 3731548. முந்தைய 265-களில் 1955-க்கு 3703524, 1956-க்கு 3720991. இதில் 1955 பிளாக்கில் ஆயில் ஃபில்டர் மாட்டவே இடம் கிடையாது, பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

துருவைத் தேட ஒரு சின்ன காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். நல்ல தகட்டில் பிடித்து நிற்கும், பட்டி போட்ட இடத்தில் வழுக்கும். வைத்துப் பார்க்க வேண்டிய இடங்கள்: முன் மட்கார்டில் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள கீழ்ப்பகுதி, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடு, பின் மட்கார்டின் கீழ்முனை. டிக்கியில் பாயைத் தூக்கித் தரையையும், வண்டிக்கடியில் படுத்துத் தரையைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களையும் பாருங்கள். 57-க்கே உரிய இடம் ஒன்று உண்டு. அந்த ஆண்டு காருக்குள் வரும் காற்றின் வழியை ஹெட்லைட் கூடுகளுக்கு மாற்றினார்கள். அந்தக் குழாயில் சேறும் இலையும் சேர்ந்து ஈரம் நின்று, ஹெட்லைட்டின் புருவம் உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளக்கும். விரலை உள்ளே விட்டுத் தடவினால் பொருக்கு உதிரும்.

கடைசியாக அலங்காரப் பட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். உங்களுக்கு ஒரு வசதி: 57 செவ்ரோலேவுக்கு ஏறக்குறைய ஒவ்வொரு துண்டும் புதிதாகச் செய்து விற்கிறார்கள், முழு உடல் கூடு உட்பட. அதனால் குறை இருந்தாலும் தேறும். இதே ஆண்டின் டிசோட்டோ, மெர்க்குரி, பேக்கார்டு வாங்கினால் கதை வேறு. ஒரு வால்விளக்கு வளையம் குறைந்தால் அதற்காக ஆண்டுக்கணக்கில் தேட வேண்டிவரும். அப்படிப்பட்ட வண்டிகளில், ஓடாத என்ஜினோடு எல்லாப் பட்டையும் உள்ள காரை வாங்குவது, நன்றாக ஓடும் மொட்டைக் காரை வாங்குவதைவிட எப்போதும் மலிவாக முடியும்.

*

வால்துடுப்பு எங்கிருந்து வந்தது? அதனால் வண்டிக்கு ஏதாவது பயன் உண்டா?
— பி.ஜி., சேலம்

போர் விமானத்திலிருந்து வந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் ஸ்டைலிங் பிரிவை 1927 முதல் நடத்திய ஹார்லி ஏர்ல், இரட்டை வால் கொண்ட லாக்ஹீட் பி-38 விமானத்தைத் தன் ஆட்களுக்கு மிச்சிகனில் உள்ள செல்ஃப்ரிட்ஜ் தளத்தில் காட்ட ஏற்பாடு செய்தார். அந்த வால் அவர்கள் கண்ணிலேயே நின்றது. போர் முடிந்து அதே நிறுவனத்தின் 1948 காடிலாக்கில் ஃப்ராங்க் ஹெர்ஷியின் குழு அதை மட்கார்டின் முனையில் ஒரு சின்ன மேடாக எழுப்பியது. அளவில் அடக்கமானது. விளக்கைத் தாங்குவதற்காக எழும்பியது போலவே இருக்கும். பெட்ரோல் வாயை இடது வால்விளக்குக்கடியில் ஒளித்துவைப்பது 1941-லிருந்தே காடிலாக்கின் வழக்கம், அதுவும் தொடர்ந்தது.

அடுத்த பத்தாண்டில் ஆளுக்கு ஆள் உயரம் கூட்டினார்கள். 1957-இல் கிரைஸ்லரின் வடிவமைப்பாளர் வெர்ஜில் எக்ஸ்னர் எல்லாரையும் முந்திவிட்டார். தாழ்ந்த உடல், மெல்லிய கூரை, கதவிலிருந்தே ஏறத் தொடங்கி வாலில் முடியும் துடுப்பு. 1956 ஆகஸ்டில் ஜெனரல் மோட்டார்ஸ் வடிவமைப்பாளர் சக் ஜோர்டான், வேலிக்குள் நின்ற கிரைஸ்லரின் புது பிளிமத் கார்களைப் பார்த்துவிட்டு வந்து சொன்ன பிறகு, 1959-க்காக வரைந்து வைத்திருந்ததையெல்லாம் மாற்றி எழுதினார்கள். அதன் விளைவுதான் 1959 காடிலாக்: வரலாற்றிலேயே உயரமான துடுப்பு, அதில் இரட்டைத் தோட்டா விளக்கு. ஏர்ல் 1958 கடைசியில் ஓய்வு பெற்றார். அடுத்து வந்த பில் மிட்செல் துடுப்பை ஆண்டுக்கு ஆண்டு இறக்கினார். 1965 காடிலாக்கில் அது இல்லை.

பயன் என்று கேட்டால், பக்கக் காற்றில் வண்டி நேராக ஓட உதவும் என்று கிரைஸ்லர் விளம்பரம் செய்தது. சாதாரண ஓட்டத்தில் ஓட்டுநர் கைக்குத் தெரியும் அளவுக்கு எதுவும் இல்லை. எங்கள் கணிப்பில் அந்தத் தலைமுறையின் சிறந்த வரைவு 57 கிரைஸ்லர் குடும்பம்தான், 59 காடிலாக் அல்ல. எக்ஸ்னரின் துடுப்பு முழு உடலின் கோட்டோடு பிறக்கிறது, காடிலாக்கில் அது மேலே ஏற்றி வைத்தது. ஆனால் 57 கிரைஸ்லர்களை அவசரமாகக் கட்டினார்கள். மழைநீர் கசியும், துரு சீக்கிரம் பிடிக்கும், முன்பக்கத்தில் ஸ்பிரிங்குக்குப் பதில் முறுக்கித் தாங்கும் கம்பியான டார்ஷன் பார் ஒடியும். வாங்க நினைப்பவர்கள் அந்த பார் சட்டத்தில் மாட்டும் பின்முனையைச் சுத்தியலால் தட்டிப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

*

என் காரில் பம்பர் துருப்பிடித்திருக்கிறது, பானெட் மேல் நிற்கும் பறவைச் சின்னமும் வால்விளக்கு வளையங்களும் கொப்பளித்திருக்கின்றன. உள்ளூர் பிளேட்டிங் கடையில் மொத்தமாகக் கொடுத்துவிடலாமா?
— எஸ்.என்., கோவை

மொத்தமாகக் கொடுத்தால் பம்பர் திரும்பி வரும், பறவை கரைந்துபோயிருக்கும். முதலில் உலோகத்தைப் பிரியுங்கள். பம்பர் இரும்பு, காந்தம் பிடிக்கும். பறவை, வால்விளக்கு வளையம், கதவுக் கைப்பிடி, பெயர் எழுத்துகள் போன்றவை பெரும்பாலும் துத்தநாகக் கலவை வார்ப்பு. காந்தம் பிடிக்காது, கைக்குக் கனமாக இருக்கும், பின்பக்கம் சுரண்டினால் மங்கிய சாம்பல் நிறம். பக்கவாட்டில் ஓடும் நீளமான மெல்லிய பட்டைகள் பல வண்டிகளில் ஸ்டெயின்லெஸ். அதில் முலாமே கிடையாது. 57 பெல் ஏர் துடுப்பில் உள்ள வரிவரியான தகடு, அனோடைஸ் செய்த (மின்முறையில் காப்புப் படலம் ஏற்றிய) அலுமினியம், மிக லேசானது. நாலுக்கும் நாலு வைத்தியம்.

பம்பரின் துரு மிளகு தூவியதுபோல் புள்ளிப்புள்ளியாக மட்டும் இருந்தால் பிளேட்டிங்கே வேண்டாம். சமையலறை அலுமினிய ஃபாயிலைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். அலுமினியம் குரோமைவிட மெத்தென்று இருப்பதால் கீறாது, துருவை மட்டும் எடுக்கும். கழுவித் துடைத்து மெழுகு பூசுங்கள். புள்ளி அப்படியே குழியாக இறங்கியிருந்தால்தான் கடை. இந்த ஃபாயிலை அனோடைஸ் பட்டையில் வைத்துவிடாதீர்கள்.

கடையில் பேச வேண்டியது நிக்கலைப் பற்றி. மேலே தெரியும் குரோம் படலம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு, சுமார் கால் மைக்ரான். மினுமினுப்பும் துருத் தடுப்பும் அதற்குக் கீழே உள்ள நிக்கலில்தான் இருக்கிறது. சிக்கனம் பார்க்கும் கடை நிக்கலைத்தான் குறைக்கும், முதல் மழையிலேயே புள்ளி வரும். செம்பு போட்டு பஃபிங் செய்து (துணிச் சக்கரத்தில் மெருகேற்றி), 25 முதல் 30 மைக்ரான் நிக்கல், அதன் மேல் குரோம் என்று எழுதி வாங்குங்கள்.

துத்தநாக வார்ப்பில் கொப்புளம் வருவது ஏன் என்றால், குரோமில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. ஈரம் அதன் வழியே இறங்கித் துத்தநாகத்தை வெள்ளைப் பொடியாக்கும். பொடி பெருத்து மேலே தள்ளும். கொப்புளத்துக்குக் கீழே குழி இருக்கிறது என்று அர்த்தம். இரும்பை ஊறவைக்கும் அமிலத் தொட்டியில் இதைப் போட்டால் வார்ப்பையே தின்றுவிடும். பழைய முலாமை மின்சாரம் திருப்பி விட்டுத்தான் எடுக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு குழியையும் பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற சின்ன அரத்தால் பளிச்சென்ற உலோகம் தெரியும்வரை குடைய வேண்டும். பொடி ஒரு மணி மிச்சமிருந்தாலும் அதே இடத்தில் மறுபடி கொப்பளிக்கும்.

குடைந்த பிறகு காரத் தொட்டியில், அதாவது சயனைடு செம்பில், மெல்லிய முதல் பூச்சு. அமிலச் செம்பில் நேராகப் போட்டால் துத்தநாகத்தைத் தாக்கும். அந்தச் செம்பின் மேல்தான் ஈயம் ஒட்டும். குழிகளை ஈயத்தால் நிரப்பி அரம் போட்டு, மறுபடி செம்பு, மறுபடி பஃபிங். குழி தெரியாமல் போகும்வரை இந்தச் சுற்று ஓடும். சூட்டில் கவனம்: ஈயப்பற்று 183 டிகிரியில் உருகும், வார்ப்பே ஏறக்குறைய 380 டிகிரியில் உருகிவிடும். கேஸ் அடுப்புக் குழாயை நேராகக் காட்டினால் பறவையின் இறக்கை சொட்டும்.

கழற்றும்போது பின்பக்கத் திருகுத் தண்டுகள் ஒடிவதுதான் அதிகமாக நடக்கும் விபத்து. இரண்டு நாள் முன்பிருந்தே துரு எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். நட்டை முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டுங்கள், அவசரப்பட்டு முறுக்க வேண்டாம். கடைக்குக் கொடுக்குமுன் ஒவ்வொரு துண்டையும் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். எழுத்தின் விளிம்பு, இறக்கையின் கோடு எவ்வளவு கூர்மை என்று தெரிய வேண்டும். பஃபிங்கில் முதலில் தேய்வது அதுதான். முகம் மழுங்கிய பறவையைவிட லேசான குழியுள்ள பறவை மேல்.

எல்லாத் துண்டையும் ஒரே கடையில், ஒரே தடவையில் கொடுங்கள். பழைய முறைக் குரோமில் மெல்லிய நீலச்சாயல் இருக்கும். புதிய மூவிணைதிறன் குரோமில் கொஞ்சம் சாம்பல் தட்டும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் வெயிலில் தெரியும். வீட்டில் முயல வேண்டாம், பழைய குரோமிக் தொட்டியின் ஆவி புற்றுநோய் உண்டாக்கக் கூடியது.

ஸ்டெயின்லெஸ் பட்டையை மட்டும் தாராளமாக வீட்டிலேயே செய்யலாம். பள்ளத்தைப் பின்னாலிருந்து சின்னச் சுத்தியலால் மெல்லத் தட்டி எழுப்பி, 400, 600, 800 என்று உப்புத்தாள் ஏற்றி, கடைசியில் துணிச் சக்கரத்தில் பஃபிங். பட்டை சக்கரத்தில் மாட்டினால் கையிலிருந்து பறித்து வளைத்துவிடும் என்பதால் ஒரு மரச்சட்டத்தில் பொருத்திப் பிடியுங்கள்.

*

தாத்தா வாங்கிய டாட்ஜ் கிங்ஸ்வே வீட்டில் நிற்கிறது. ஆறு சிலிண்டர். புது 6 வோல்ட் பேட்டரி போட்டும் செல்ஃப் மெதுவாக முனகுகிறது. ஓடினால் பத்து கிலோமீட்டரில் சூடாகிறது. 12 வோல்ட்டுக்கு மாற்றிவிடட்டுமா?
— கா.சி., காரைக்குடி

மாற்ற வேண்டாம். 1947 முதல் பம்பாய் குர்லாவில் பிரீமியர் நிறுவனம் பூட்டிய டாட்ஜ், பிளிமத் வண்டிகள் கிரைஸ்லரின் உறுதியான வார்ப்புகள். குற்றம் 6 வோல்ட்டில் இல்லை, அநேகமாகக் கேபிளில். வோல்ட் பாதி என்றால் அதே வேலைக்குக் கரன்ட் இரண்டு மடங்கு ஓட வேண்டும். அதே கேபிளில் இழப்பு இரட்டிக்கிறது, கையில் இருக்கும் வோல்ட்டோ பாதி. விகிதத்தில் நாலு மடங்கு நஷ்டம். இன்றைய கார் கேபிளை வாங்கி மாட்டியிருந்தால் செல்ஃப் முனகத்தான் செய்யும். 70 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் போடுங்கள், எர்த் பக்கமும் அதே கனம். எர்த்தை பாடியில் கட்டாமல் என்ஜின் பிளாக்கில் பெயின்ட்டைச் சுரண்டிக் கட்டுங்கள். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி முனைக்கும் செல்ஃப் முனைக்கும் இடையே மீட்டர் வையுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இன்னும் எங்கோ கசிகிறது.

1955 வரை கிரைஸ்லர் குடும்பத்துக் கார்களுக்கு பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பிளஸ் முனைதான் எர்த்தில் சேரும். பழக்கத்தில் நெகட்டிவை எர்த் செய்திருந்தால் திருத்துங்கள். இக்னிஷன் காயிலில் பிளஸ் முனை டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போக வேண்டும். மாறியிருந்தால் பொறி பலவீனமாகி மேட்டில் இழுக்காது. பேட்டரியைத் திருப்பியபின், என்ஜின் ஓடாதபோது, கட்அவுட்டில் (டைனமோவைப் பேட்டரியோடு சேர்த்துப் பிரிக்கும் ரிலேயில்) பேட்டரி முனையையும் டைனமோ ஆர்மெச்சர் முனையையும் ஒரு கம்பியால் கணப்பொழுது தொட்டு எடுங்கள். இதைச் செய்யாமல் ஓட்டினால் டைனமோ தலைகீழாகச் சார்ஜ் செய்து கட்அவுட் பாயின்ட் ஒட்டிக்கொள்ளும். டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட் இடைவெளி 0.020 அங்குலம்.

சூட்டுக்கு ரேடியேட்டரைக் குறை சொல்லுமுன் வாட்டர் பம்பைக் கழற்றுங்கள். அதன் பின்னால் பிளாக்குக்குள் நீளவாக்கில் ஒரு தகட்டுக் குழாய் இருக்கும். குளிர்ந்த தண்ணீரைக் கடைசி சிலிண்டர்வரை கொண்டுபோய் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுகளுக்கு நேராக விடுவது அதன் வேலை. வருஷக்கணக்கில் துருவில் கரைந்து போயிருந்தால் தண்ணீர் முன்பக்கமே சுற்றித் திரும்பும், பின் சிலிண்டர்கள் வேகும், வால்வு கருகும். மீட்டரில் முன்பக்கச் சூடுதான் தெரியும் என்பதால் பலர் கடைசிவரை கண்டுபிடிப்பதில்லை. ரேடியேட்டரைக் கழற்றினால்தான் குழாயை நேராக வெளியே இழுக்க இடம் கிடைக்கும். முனையைக் கொக்கி போட்டு ஆட்டி ஆட்டி இழுங்கள். துண்டு துண்டாக வந்தால் எல்லாத் துண்டும் வந்ததா என்று சேர்த்துப் பாருங்கள். புதிதை பித்தளையில் போட்டால் இனி கவலையில்லை. ஓட்டைகள் அதே இடத்தில், அதே அளவில் இருக்க வேண்டும்.

*

பழைய டாட்ஜ் போன்ற கார்களில் பலர் டீசல் என்ஜின் மாற்றியிருக்கிறார்கள். அவற்றுக்கு விண்டேஜ் பதிவு கிடைக்குமா?
— வி.டி., மதுரை

2021 ஜூலையில் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, மூல வடிவிலேயே உள்ள வண்டிதான் விண்டேஜ். சேசிஸ், உடல், என்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. டீசல் மாற்றிய டாட்ஜ் இதில் மாட்டிக்கொள்ளும், மூல என்ஜின் கொல்லையில் கிடந்தால் விற்றுவிடாதீர்கள். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டுக்குச் செல்லும். மறுபதிவுக்கு 5,000. ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுதல், பராமரிப்பு இவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம், தினசரி ஓட்டத்துக்கு அல்ல.

*

ப்யூக் காரின் பக்கத்தில் ஏன் ஓட்டைகள்?
— டி.எல்., தஞ்சாவூர்

1949-இல் வந்த அலங்காரம். வடிவமைப்பாளர் நெட் நிக்கல்ஸ் தன் சொந்தக் காரின் பானெட்டில் ஓட்டை போட்டு, உள்ளே என்ஜின் பொறியோடு மின்னும் விளக்குகள் வைத்திருந்தார். ப்யூக் தலைவர் ஹார்லோ கர்ட்டிஸுக்கு அது பிடித்துப்போய் உற்பத்திக்கு வந்தது, விளக்கு இல்லாமல். ரோட்மாஸ்டருக்குப் பக்கத்துக்கு நாலு, சூப்பருக்கு மூன்று. பட்டையைப் பார்க்காமலே மாடல் சொல்லலாம். மூன்றை நாலாக்கிக்கொண்ட உரிமையாளர்களும் அன்றே இருந்தார்கள், ஆகவே எண்ணை மட்டும் நம்பி விலை பேச வேண்டாம்.

*

இன்றைய பெட்ரோலும் ஆயிலும் இந்த என்ஜின்களுக்கு ஒத்துக்கொள்ளுமா?
— ஜே.எம்., சிங்கப்பூர்

பெட்ரோலில் எத்தனால் கலப்புதான் பிரச்சினை. பழைய ரப்பர் குழாய் உப்பி உள்பக்கம் உரியும், உரிந்த தோல் கார்புரேட்டர் ஊசியில் அடைக்கும். எஸ்.ஏ.இ. 30ஆர்9 என்று அச்சிட்ட குழாயாக மாற்றுங்கள். கார்புரேட்டரின் ஆக்சிலரேட்டர் பம்ப் தோலுக்குப் பதில் விட்டான் ரப்பர். எத்தனால் கூடக்கூடக் கலவை மெலியும்: சுத்த பெட்ரோல் ஒரு பங்குக்கு எடையில் காற்று 14.7 பங்கு, 10 சதவீதக் கலப்பில் சுமார் 14.1, 20 சதவீதத்தில் சுமார் 13.5. அதாவது 20 சதவீதக் கலப்பில் ஏறக்குறைய ஒன்பது சதவீதம் கூடுதல் எரிபொருள் வேண்டும். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளையான மெயின் ஜெட்டை ஓரிரு எண் பெரிதாக்கி, பிளக்கின் நிறத்தைப் பார்த்து நிறுத்துங்கள். வெள்ளையாக வெளுத்திருந்தால் இன்னும் போதவில்லை. சூடான வண்டியை நிறுத்தி எடுக்கும்போது இழுக்காவிட்டால் கார்புரேட்டருக்குக் கீழே பேக்கலைட் தடுப்பு ஒன்று வையுங்கள், பெட்ரோல் கிண்ணத்தில் கொதிப்பது குறையும்.

ஆயிலில் பார்க்க வேண்டியது துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மம். வால்வுகளை இயக்கும் கேம்மும் அதன் மேல் அமரும் டப்பெட்டும் நேருக்கு நேர் உரசும் என்ஜின்கள் இவை. புதுக் கார்களுக்கான ஆயிலில் பாஸ்பரஸ் அளவு பத்து லட்சத்தில் 800 பங்குக்குள் அடக்கப்பட்டிருக்கும். இவற்றுக்கு 1,000 முதல் 1,200 தேவை. புதுக் கேம் போட்டால் முதல் தடவை ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடவே கூடாது. 2,000 சுற்றில் 20 முதல் 30 நிமிடம் ஓட வேண்டும். கேம்முக்கு ஆயில் கிராங்க் சிதறும் துளிகளிலிருந்தே வருகிறது, ஐடிலில் அது போதாது. அந்த அரை மணியில் கெட்ட கேம் பிறகு தேறாது.

*

வெள்ளை வளைய டயர் எந்த அகலம் சரி? பழுப்பேறுவதை எப்படித் தடுப்பது?
— ஆர்.கே., புதுச்சேரி

1961 வரை அகல வளையம், 1962 முதல் ஏறக்குறைய ஒரு அங்குல மெல்லிய வளையம். 59 காடிலாக்குக்கு மெல்லியதும், 64 இம்பாலாவுக்கு அகலமும் போட்டால் வண்டியின் முகமே மாறிவிடும். புது டயரில் வரும் நீலப் பூச்சை அன்றே தண்ணீர் விட்டு நைலான் பிரஷ்ஷால் எடுங்கள், வெயிலில் காய்ந்தால் கறையாகும். பழுப்பு வருவது கறுப்பு ரப்பரிலிருந்து ஊறும் பாதுகாப்பு ரசாயனத்தால். பெட்ரோலிய டயர் பாலிஷ் அதை இன்னும் இழுக்கும், தொடவே வேண்டாம். சோப்பு நீர் போதும். டயரின் பக்கச்சுவரில் உள்ள நாலு இலக்கம் தயாரித்த வாரமும் ஆண்டும். பட்டன் தேயவில்லை என்று பத்து வயது டயரில் ஓட்டாதீர்கள். ரேடியல் டயரையும் பழைய முறை பயஸ் டயரையும் ஒரே அச்சில் கலக்கவும் கூடாது.

*

பழைய பிரேக் அமைப்பை மாற்றலாம் என்கிறேன். பிரேக் நன்றாகத்தானே பிடிக்கிறது, எதற்கு மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். யார் சொல்வது சரி?
— ஏ.கே., ஈரோடு

மெக்கானிக் சொல்வது சரியல்ல. 1966 வரை பெரும்பாலான அமெரிக்கக் கார்களில் நாலு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் பாதை. ஒரு வீல் சிலிண்டர் கசிந்தாலும் பெடல் தரைக்குப் போய்விடும், நாலும் இல்லை. முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி அறை கொண்ட மாஸ்டர் சிலிண்டர் மாற்றுங்கள். வெளியே பார்த்தால் தெரியாத மாற்றம் இது. டிரம் பிரேக் பாதையில், பெடலை விட்ட பிறகும் சிறிது அழுத்தத்தைத் தக்கவைக்கும் 10 பி.எஸ்.ஐ. எச்ச அழுத்த வால்வு இருக்க வேண்டும், இல்லையென்றால் வீல் சிலிண்டரின் ரப்பர் கிண்ணங்கள் தளர்ந்து காற்று இழுக்கும். சரிசெய்யும்போது டிரம்முக்குள் உள்ள நட்சத்திரப் பல்சக்கரத்தை வண்டிச் சக்கரம் பூட்டும்வரை திருப்பி, லேசாக உரசும் அளவுக்குத் தளர்த்துங்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கட்டி எறியுங்கள்.

*

கல்லூரியில் வடிவமைப்பு படிக்கிறேன். இந்தக் கார்களை வரைந்தால் எப்போதும் பொம்மைக் கார் மாதிரி வருகிறது. என்ன தப்பு?
— எம்.எஸ்., சென்னை

விகிதம்தான். துடுப்பையும் விளக்கையும் முதலில் வரைகிறீர்கள். டயரின் விட்டத்தை ஓர் அளவாக எடுத்துக்கொள்ளுங்கள். 57 செவ்ரோலேயில் டயர் சுமார் 27 அங்குலம். அப்படியென்றால் சக்கர மையத்துக்கும் மையத்துக்கும் நாலே கால் அளவு, மொத்த நீளம் ஏழரைக்குச் சற்றுக் குறைவு, உயரம் இரண்டே கால். 59 காடிலாக்கில் டயர் சுமார் 28, சக்கர இடைவெளி 130, நீளம் 225 அங்குலம். அதாவது எட்டு அளவு நீளம், உயரம் வெறும் இரண்டு. இந்த எட்டுக்கு இரண்டு என்பதை முதலில் கட்டமாகப் போட்டு அதற்குள் வேலை செய்யுங்கள். சக்கரங்களுக்கு வெளியே நீட்டும் 95 அங்குலத்தில் பெரும்பங்கு பின்பக்கம். மாணவர்கள் அதை முன்னும் பின்னும் சமமாகப் பிரித்துவிடுவதால்தான் பொம்மையாகிறது.

தாளோடு நிறுத்தாமல் களிமண்ணுக்கு வாருங்கள். முழு அளவுக் களிமண் மாதிரியைத் தொழிற்சாலைப் பழக்கமாக்கியது ஏர்ல்தான். நீங்கள் பத்தில் ஒரு பங்கு அளவில் தொடங்கலாம். காடிலாக் என்றால் 22.5 அங்குல நீளம். உள்ளே தெர்மோகோலும் மரமும், மேலே ஓர் அங்குலம் வடிவமைப்புக் களிமண். 55, 60 டிகிரியில் அடுப்பில் இளக்கிப் பூசி, ஆறியதும் தகட்டுச் சுரண்டியால் நீளவாக்கிலேயே சீவுங்கள், குறுக்கே சீவினால் பரப்பு அலையலையாகும். ஒரு பக்கம் முடித்ததும் அட்டையில் வார்ப்புரு வெட்டி மறுபக்கத்துக்கு அளவு எடுங்கள். பம்பரும் பட்டையும் வரும் இடத்தில் அலுமினிய ஃபாயிலை விரலால் அழுத்தி ஒட்டி, ஒரு குழல்விளக்கை நீளவாக்கில் மேலே பிடியுங்கள். ஃபாயிலில் ஓடும் வெளிச்சக் கோடு எங்கே உடைகிறதோ அங்கே களிமண்ணில் மேடோ பள்ளமோ இருக்கிறது, அங்கே மறுபடி சீவ வேண்டும்.